ஏலத்தில் கார் பார்க்கப் போகிறவர்களுக்கு, வண்டியின் கம்ப்யூட்டரில் இருப்பதைப் போனில் காட்டும் ப்ளூடூத் ஸ்கேனர் தேவையா?

தேவை. ஆனால் பலரும் வாங்குகிற காரணத்துக்காக இல்லை.

ஏலத்துக்கு விடும் காரை ஓட்டிப் பார்க்கப் பெரும்பாலும் விடமாட்டார்கள், ஸ்டார்ட் செய்து பார்க்கலாம், அவ்வளவுதான். "உள்ளது உள்ளபடி" என்ற நிபந்தனையை ஒத்துக்கொண்டு எடுத்துவிட்டால் அப்புறம் கியர்பாக்ஸ் போனாலும் செலவு நம் தலையில்தான். அந்தக் கொஞ்ச நேரத்துக்கு நான் கையோடு கொண்டுபோவது ஈஎல்எம்327 என்ற சிப்பை வைத்துச் செய்யும் வகை ஸ்கேனர். தீப்பெட்டி அளவுதான். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும், வண்டியின் கம்ப்யூட்டரோடு இணைக்கும் 16 பின் ஓபிடி-2 சாக்கெட்டில் செருகிவிட்டு போனில் ஆப்பைத் திறக்க வேண்டியதுதான். அமெரிக்கச் சந்தைக் கார்களில் 1996 முதலும், ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களில் 2001 முதலும் இந்த வசதி கட்டாயம்.

எரர் கோடு, அதாவது கோளாறு வந்தால் வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்துவைக்கும் குறியீடு, அதைப் பார்க்கத்தான் எல்லோரும் இதை வாங்குகிறார்கள். ஆனால் விற்கிறவர் ஒரு நிமிஷத்தில் கோடுகளை அழித்துவிட முடியும். செக் என்ஜின் விளக்கும் அணைந்துவிடும், ஆப்பும் "பிழை எதுவும் இல்லை" என்று காட்டும். அதைப் பார்த்து நிம்மதியாகிவிடாதீர்கள், அடுத்து ரெடினஸ் மானிட்டர் பக்கத்தைத் திறங்கள். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், புகையில் இருக்கும் ஆக்சிஜனை அளக்கும் சென்சார் போன்றவற்றை வண்டியின் கம்ப்யூட்டர் தானே சோதித்து முடித்ததா என்று சொல்லும் பட்டியல் அது. கோடுகளை அழித்தால் இதுவும் சேர்ந்து அழிந்துவிடும், திரும்ப நிரம்ப வண்டி பல விதமாக ஓடியாக வேண்டும், நிறுத்திவைத்த இடத்தில் நிரப்ப முடியாது. பாதிக்கு மேல் "முடியவில்லை" என்று வந்தால் யாரோ சமீபத்தில் கை வைத்திருக்கலாம். பேட்டரி கழற்றியதாலும் பல கார்களில் இப்படி ஆகும், மாதக்கணக்கில் நின்ற வண்டியில் அது சகஜம், அதனால் உடனே மோசடி என்று முடிவு கட்ட வேண்டாம். கோடு அழித்த பிறகு ஓடிய தூரத்தையும் பாருங்கள். சில கிலோமீட்டர்தான் என்றால் ஃப்யூயல் ட்ரிம் எண்களையும் (எரிபொருளைக் கம்ப்யூட்டர் எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்பதைக் காட்டுபவை) நம்பாதீர்கள், பல கார்களில் அதுவும் பூஜ்யத்திலிருந்து தொடங்கியிருக்கும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது இன்னொன்று. என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஆன் மட்டும் செய்து கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) வெப்பநிலையையும் உள்ளே போகும் காற்றின் வெப்பநிலையையும் பாருங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும். காற்று 30 டிகிரி, கூலன்ட் 70 டிகிரி என்றால் நீங்கள் வருவதற்கு முன்பே யாரோ ஓட விட்டு சூடாக்கியிருக்கிறார்கள். குளிர்ந்த என்ஜினில் மட்டும் வரும் தட்டல் சத்தமோ புகையோ இப்போது உங்களுக்குத் தெரியாது.

குறைகளும் உண்டு. மலிவான நகல்கள் சில கார்களோடு பேசவே பேசாது. ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது), ஏர்பேக் கோடுகளைப் பெரும்பாலான சாதாரண ஆப்கள் படிப்பதில்லை. வெள்ளத்தில் மூழ்கியதோ, அடிபட்டு ஒட்டுப்போட்டதோ இதில் தெரியாது, ஒட்டுப்போட்டதைக் கண்டுபிடிக்கப் பெயின்ட் தடிமன் பார்க்கும் கருவி வேண்டும். கம்பெனி பெயின்ட் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை இருக்கும், ஒரு கதவு மட்டும் 500 காட்டினால் உள்ளே பட்டி பூசியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

மானிட்டர்கள் காலியாக இருக்கும் வண்டியை நான் அப்படியே ஒதுக்கிவிட மாட்டேன். பெரிய ரிப்பேர் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு, அந்தச் செலவு, ஏலக் கட்டணம், வரி, வண்டியை இழுத்து வரும் கூலி எல்லாவற்றையும் கழித்து உச்ச விலையை முன்கூட்டியே எழுதிக்கொள்வேன். கேட்பு அதைத் தாண்டினால் கை தூக்குவதில்லை.

வாங்கினால் முதலில் உங்கள் சொந்த வண்டியில் செருகிப் பழகுங்கள். ப்ளூடூத் இணையவில்லை என்று ஏல இடத்தில் நின்று தடுமாறினால் இருக்கிற கொஞ்ச நேரமும் அதிலேயே போய்விடும்.