காட்டு டிஸ்கஸ் வீட்டுக்கு வந்ததும்: சொட்டு முறையா நேரடியாகவா, வெறும் தொட்டியா கிளை போட்ட தொட்டியா?

சென்னை கொளத்தூர் வண்ண மீன் கடைகளில் பார்க்கும் பண்ணை டிஸ்கஸ், தட்டு போல வட்டமான அந்த மீன், பல தலைமுறையாகக் கண்ணாடிக்குள்ளேயே பிறந்து வளர்ந்தது. கையைக் கண்டால் தீனி என்று ஓடி வரும். காட்டு வகையான ஹெக்கல் டிஸ்கஸ் அப்படியில்லை. பிரேசிலின் ரியோ நெக்ரோ ஆற்றில், நீருக்குள் சாய்ந்து கிடக்கும் மரக்கிளைகளுக்கு நடுவே பிடிபட்டு, மனாவ்ஸ் நகரம் வழியாக விமானம் ஏறி வரும் மீன் அது. உடம்பில் ஒன்பது பட்டைகள். கண்ணை ஊடுருவும் முதல் பட்டை, வாலடியில் உள்ள கடைசிப் பட்டை, இவற்றோடு நடுவில் ஐந்தாவது பட்டை மை தடவியது போலத் தடித்திருக்கும். அதன் ஆற்றுத் தண்ணீர் கட்டஞ்சாயா நிறம். பிஹெச் (அமில, கார அளவு; 7க்குக் கீழே அமிலம், மேலே காரம்) 4க்கும் 5க்கும் இடையில். உப்பு கிட்டத்தட்ட இல்லவே இல்லை. எங்கள் வீட்டு போர் தண்ணீரில் டிடிஎஸ் (கரைந்த உப்பின் அளவு) மீட்டரை வைத்தால் 900 காட்டுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நாம் பாலம் கட்ட வேண்டும்.

முதல் கேள்வி, பையில் இருந்து தொட்டிக்கு மாற்றுவது. சொட்டு முறை எல்லாருக்கும் தெரிந்தது: பைத் தண்ணீரோடு மீனை வாளியில் விட்டு, ஏர் டியூபில் முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணீரை ஒன்றரை இரண்டு மணி நேரம் சொட்டுச் சொட்டாக விடுவது. பக்கத்துக் கடையில் வாங்கி அரை மணியில் வீட்டுக்கு வந்த மீனுக்கு இது நல்ல முறை. நீண்ட பயணம் வந்த மீனுக்கு நான் இதைச் செய்ய மாட்டேன். ஒரு முறை செய்து நான்கில் ஒரு மீனை இழந்திருக்கிறேன். வாளியில் முதல் கால் மணி நேரம் நன்றாக இருந்தது. அப்புறம் செவுள் படபடவென்று அடிக்க ஆரம்பித்தது. உடம்பு கறுத்து, ஒருக்களித்துச் சாய்ந்துவிட்டது.

என்ன நடந்தது என்று பிறகுதான் விளங்கியது. கட்டிய பைக்குள் மீன் மணிக்கணக்கில் மூச்சு விடுகிறது, கரியமில வாயு சேர்கிறது, பிஹெச் இறங்குகிறது. கூடவே கழிவு அம்மோனியாவும் சேர்கிறது. பிஹெச் 6ல் அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட நஞ்சு வடிவில் இருக்காது, மீதி எல்லாம் அவ்வளவாகத் தீங்கு செய்யாத அம்மோனியமாக இருக்கும். பையைப் பிரித்ததும் கரியமில வாயு பறந்துவிடும். அதோடு நம் காரத் தண்ணீரும் சொட்டினால் பிஹெச் ஏறும். 30 டிகிரி சூட்டில் பிஹெச் 8ஐத் தொட்டால் நூறில் ஏழு பங்கு நஞ்சாகிவிடும். மெதுவாகப் பழக்குகிறோம் என்று நினைத்து, அந்த நஞ்சுக்குள்ளேயே மீனை இரண்டு மணி நேரம் உட்கார வைக்கிறோம்.

நேரடி முறையில் பையைத் திறக்காமல் அரை மணி மிதக்கவிட்டுச் சூட்டைச் சமன் செய்து, திறந்த கையோடு மீனை மட்டும் எடுத்துத் தொட்டியில் விட்டு, பைத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டிவிடுவோம். என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. தொட்டித் தண்ணீர் ஏற்கெனவே மீன் இருந்த தண்ணீரைப் போல இருக்க வேண்டும். மீன் எத்தனை நாளாக உங்களிடம் இருக்கிறது, எந்த பிஹெச், எவ்வளவு டிடிஎஸ் என்று விற்பவரிடம் முன்பே கேட்டு, அந்த எண்ணுக்குத் தொட்டியை ஒரு வாரம் முன்னால் தயார் செய்யுங்கள். இறக்குமதி செய்தவர் ஒரு மாதமாக 200 டிடிஎஸ்ஸில் வைத்திருந்தால் உங்கள் தொட்டியும் 200தான். ஆற்று எண்ணுக்கு அப்புறம் வாரக்கணக்கில் இறக்கிக்கொள்ளலாம்.

இதிலேயே தண்ணீர்க் கேள்விக்கும் பாதி பதில் வந்துவிடுகிறது. போர் தண்ணீரில் பாதாம் இலை போட்டால் போதுமே என்று பலர் கேட்கிறார்கள். நிறம் மாறும், மீனுக்குக் கொஞ்சம் ஆறுதலும் கிடைக்கும். பிஹெச் மட்டும் அசையாது, கரைந்திருக்கும் கார்பனேட் அதைப் பிடித்து வைத்திருக்கும். அமிலம் ஊற்றி இறக்கினாலும் மறுநாள் ஏறிவிடும், அந்த ஏற்ற இறக்கம்தான் மீனை அதிகம் வதைக்கும். ஹெக்கல் வளர்ப்பதென்றால் ஆர்ஓ தண்ணீர்தான் வழி. வெறும் ஆர்ஓவில் தாதுவே இருக்காது என்பதால் பத்துக்கு ஒரு பங்கு போர் தண்ணீர் கலக்கிறேன், டிடிஎஸ் 100 பக்கம் நிற்கிறது. அதில் பாதாம் இலை உண்மையிலேயே வேலை செய்கிறது. ஒன்றை நினைவில் வையுங்கள்: பிஹெச் 6க்குக் கீழே போகப் போக ஃபில்டரில் உள்ள பாக்டீரியா மந்தமாகிவிடும். அதனால் தினமும் பத்து சதவீதம் தண்ணீர் மாற்றுகிறேன்.

இனித் தொட்டி. தரையில் எதுவும் இல்லாத கண்ணாடித் தொட்டி, ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒரு ஹீட்டர். டிஸ்கஸ் வளர்ப்பவர்கள் வழக்கமாகச் சொல்வது இதுதான். அதில் நியாயம் இருக்கிறது. மிச்சத் தீனி கண்ணுக்குத் தெரியும், துடைக்கலாம். எல்லாவற்றையும்விட மீனின் கழிவைப் பார்க்க முடியும். காட்டு மீனுக்கு அதுதான் மருத்துவ அறிக்கை. வெள்ளையாக நூல் போலத் தொங்கினால் குடலில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

ஆனால் அந்த வெறும் தொட்டியில் புதிதாக வந்த ஹெக்கல் நிற்பதைப் பார்த்தால் மனசு கேட்காது. ஹீட்டருக்குப் பின்னால் மூன்று மீன் ஒன்றன் மேல் ஒன்று அழுந்தி நிற்கும். யாராவது கதவைச் சாத்தினால் கண்ணாடியில் போய் மோதும். மணல், கட்டை, மங்கிய வெளிச்சம் என்று அமைத்த தொட்டியில் இதே மீன் இரண்டாம் நாளே நிமிர்ந்து நிற்கும். மணலில்தான் சிக்கல்: அழுக்கும் ஒட்டுண்ணி முட்டையும் தங்கும், மருந்து போட்டாலும் முழுதாகப் போகாது.

நான் செய்வது இரண்டுக்கும் நடுவில். மணல் கிடையாது. நன்றாகக் காய்ந்த கொய்யாக் கிளைகளைத் தோலுரித்து, ஊறவைத்து, மேலிருந்து நீருக்குள் சாயும்படி கட்டித் தொங்கவிடுகிறேன். ஆற்றில் அவை ஒளியும் இடமும் அப்படித்தான். மூன்று பக்கக் கண்ணாடிக்கும் அடிக்கும் வெளியே பழுப்பு சார்ட் பேப்பர். அடித்தாளைத் தொட்டியைத் தூக்கி வைப்பதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். கண்ணாடியில் தன் நிழலையே கண்டு மீன் மிரள்வது இதோடு நிற்கும், துடைப்பதற்கும் இடைஞ்சல் இல்லை. முதல் மூன்று நாள் தொட்டி விளக்கே போடுவதில்லை. நான்கு அடித் தொட்டியில் ஐந்தாறு மீன் சேர்ந்து வந்தால் பயம் இன்னும் சீக்கிரம் தெளியும்.

வந்த அன்றே மருந்தா, பொறுப்பதா? காட்டு டிஸ்கஸ் பெரும்பாலும் செவுள் புழுவோ குடல் ஒட்டுண்ணியோ சுமந்துதான் வரும், அதனால் உடனே போட்டுவிடு என்பது ஒரு கட்சி. என் அனுபவத்தில் களைத்து வந்த மீனுக்கு முதல் வாரம் அமைதிதான் தேவை. ஒரு பக்கச் செவுளை மட்டும் அசைத்து மூச்சு விட்டாலோ, உடம்பைக் கிளையில் உரசினாலோ மட்டும் காத்திருக்காமல் செவுள் புழு மருந்தான பிராசிகுவான்டெல் போடுவேன். குடல் ஒட்டுண்ணிக்கான மெட்ரோனிடசோலை மீன் தீனி தின்னத் தொடங்கும்வரை தள்ளிவைப்பேன். நன்னீர் மீன் தண்ணீரை அதிகம் குடிக்காது, அதனால் குடலுக்குப் போக வேண்டிய மருந்து தீனியில் கலந்து போனால்தான் சரியாகப் பலிக்கும். பத்து நாளாகியும் வாயே திறக்காமல் வெள்ளைக் கழிவு போட்டால் வேறு வழியில்லை, தண்ணீரிலேயே கலந்துவிடுவேன்.

பழைய பண்ணை டிஸ்கஸோடு சேர்த்துவிட்டால் பார்த்துச் சாப்பிடக் கற்கும் என்கிறார்கள். கற்கும்தான். ஆனால் ஒன்றுக்குப் பழகிய கிருமி இன்னொன்றுக்குப் புதிது, இரண்டு பக்கமும் நோய் தாவும். குறைந்தது ஆறு வாரம் பிரித்தே வைக்கிறேன். வழிகாட்ட, முன்பே தனியாக வைத்துப் பார்த்த ஏழெட்டு கார்டினல் டெட்ரா என்ற சின்ன மீன் போதும். அதுவும் ரியோ நெக்ரோ மீன்தான்.

தீனியில் பெரிய விவாதம் வேண்டாம். உயிருள்ள டியூபிஃபெக்ஸ் புழுவை ஆசையாகத் தின்னும், ஆனால் அது சாக்கடையில் இருந்து வருவது, தொடாதீர்கள். உறைந்த ரத்தப்புழுவில் தொடங்கி, பின்னர் ஸ்பைருலினா பாசி கலந்த தீனிக்கு மாற்றுங்கள். ஆற்றில் பாசியும் மக்கிய இலையும் சிறு பூச்சியும்தான் அதன் சாப்பாடு. நான்கைந்து நாள் தொடாவிட்டால் பதற வேண்டாம், மிச்சத்தை எடுத்துவிட்டு மறுநாள் வையுங்கள். என்னிடம் இப்போது இருக்கும் ஆறு மீனும் எட்டாம் நாள்வரை எதையும் தொடவில்லை. ஒன்பதாம் நாள் சாயங்காலம் ஒன்று மட்டும் கிளையை விட்டு வெளியே வந்தது. அடியில் கிடந்த பாதாம் இலை மேல் வாயைக் குவித்துத் தண்ணீரை ஊதியது. இலை புரண்டது, அடியில் ஒளிந்திருந்த ஒற்றைப் புழுவை எடுத்துக்கொண்டது. மற்ற ஐந்தும் கிளைக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருந்தன.