பொண்ணோட ஏசிஎல் (முட்டிக்குள்ள எலும்புங்கள பிடிச்சு வெக்கிற லிகமெண்ட்ங்கிற நார்) கிழிஞ்சப்போ போன ஸ்போர்ட்ஸ் மெடிசின் சென்டர் – 4/5

பேரு போடல, ஏன்னா எடத்த விட அங்க எப்படி பாத்தாங்கங்கிறதுதான் விஷயம், நீங்க வேற எங்க போனாலும் இதையெல்லாம் கேளுங்க.

பொண்ணுக்கு 15 வயசு, ஃபுட்பால் ஆடுறவ. யாரும் மோதல, ஓடிட்டே சடார்னு திரும்புனா, முட்டிக்குள்ள டப்புனு ஒரு சத்தம், கொஞ்ச நேரத்துலயே வீங்கிடுச்சு. ஏசிஎல் பெரும்பாலும் இப்படித்தான் போகுதாம், அதுவும் இந்த வயசு பொண்ணுங்களுக்கு பசங்கள விட அதிகமா.

டாக்டர் ஸ்கேனுக்கு எழுதுறதுக்கு முன்னாடி கையாலயே பாத்தாரு, நல்ல முட்டிய மொதல்ல ஆட்டி பாத்துட்டு அப்புறம்தான் அடிபட்டத தொட்டாரு. எம்ஆர்ஐல உறுதியாச்சு. அடுத்து கையில ஒரு எக்ஸ்ரே எடுக்க சொன்னாரு. முட்டி போனதுக்கு கையில எதுக்கு எக்ஸ்ரேன்னு நான் கேட்டேன், நீங்களும் கேப்பீங்க. எலும்புக்கு எத்தன வயசாச்சு, இன்னும் எவ்ளோ வளரும்னு கை எலும்ப வெச்சுதான் பாப்பாங்களாம். ஏன்னா ஆபரேஷன்ல எலும்புல ஓட்ட போடணும், எலும்பு வளர்ற க்ரோத் பிளேட் இன்னும் மூடாம இருந்தா அந்த ஓட்ட எங்க போகுதுங்கிறது முக்கியம், தப்பா போச்சுன்னா கால் நீளம் மாறலாம், கோணலாகலாம். இத உக்காந்து படம் போட்டு சொன்னாரு, அதுவும் எங்ககிட்ட இல்ல, அவகிட்ட.

ஆபரேஷனுக்கும் அவசரப்படுத்தல. வீக்கம் வடியணும், முட்டி முழுசா நீட்ட வரணும், தொட தச வேலை செய்யணும், அதுவரைக்கும் பிசியோதான்னுட்டாங்க. வீங்கி இறுகிப்போன முட்டிய அப்படியே வெட்டுனா பின்னாடி மடங்காம நீட்டாம மாட்டிக்குமாம். அந்த கேப்லயே நல்ல காலோட பலத்தையும் மெஷின்ல அளந்து எழுதி வெச்சாங்க, எதுக்குன்னு அப்ப புரியல.

ஆபரேஷன் முடிஞ்சு 6 மாசத்துல வலி இல்ல, நேரா ஓடுறா, கோச் வேற டோர்னமெண்ட் வருதுன்னு கேட்டுட்டே இருக்காரு. இவங்க கிளியரன்ஸ் குடுக்கவே இல்ல. வீட்ல ஒரே அழுக. காரணம் கேட்டா பொறுமையா சொன்னாங்க: கிழிஞ்ச ஏசிஎல்லுக்கு பதிலா தொடைக்கு பின்னாடி இருந்து எடுத்து வெச்ச தசைநார் லிகமெண்டா மாறவே ரொம்ப நாள் ஆகும், வலி போனதுக்கும் அது கெட்டியானதுக்கும் சம்பந்தமே இல்ல. 2016ல வந்த ஒரு ஆராய்ச்சிய காட்டுனாங்க, 9 மாசம் வரைக்கும் ஒவ்வொரு மாசம் தள்ளிப்போடும்போதும் முட்டி மறுபடி அடிபடுற வாய்ப்பு பாதியா கொறையுதாம்.

அதுக்காக 9 மாசம் ஆனதும் கதவ தெறந்து விட்டுடல, டெஸ்ட் வெச்சாங்க. ஒத்தக்கால்ல தாவுறது, தாவிட்டு எறங்கும்போது முட்டி உள்பக்கம் சாயுதான்னு வீடியோ, ரெண்டு கால் பலமும் மெஷின்ல. அடிபட்ட கால் நல்ல கால்ல 90% ஆவது இருக்கணும்ங்கிறாங்க. இதுல ஒரு சூட்சுமம் இருக்கு, இத்தன மாசம் ஆடாம நல்ல காலும் மெலிஞ்சிருக்கும், அதோட கம்பேர் பண்ணா கணக்கு ஈஸியா வந்துரும், ரெண்டு பேரும் ஃபெயிலானா மார்க்கு சமமாத்தானே இருக்கும்! அதனாலதான் ஆபரேஷனுக்கு முன்னாடி எடுத்த நம்பர வெச்சு பாத்தாங்க. எங்க பொண்ணு மொத தடவ பாஸாகல, திரும்ப ஜிம்முக்கு அனுப்பிட்டாங்க. நான் குடுக்குற 4 ஸ்டார்ல பாதி இதுக்குத்தான்.

மனசு ரெடியான்னும் ஒரு பேப்பர்ல கேள்வி கேட்டாங்க, சைடுல இருந்து யாராவது வந்தா பயமா இருக்குன்னு அதுலதான் எழுதியிருந்தா, எங்ககிட்ட சொன்னதே இல்ல. அப்புறம் அதுக்குன்னே ஒரு ஆள விட்டு சைடுல வந்து பந்த பறிக்கிற மாதிரி பழக்குனாங்க, மொதல்ல நடந்து, அப்புறம் மெதுவா ஓடி, கடைசில ஃபுல் ஸ்பீடு.

இப்ப அந்த ஒரு ஸ்டாருக்கு வர்றேன். வெயிட்டிங் கொடுமை, அப்பாயின்ட்மென்ட் டைம்னு ஒண்ணு சும்மா பேருக்கு. நடுவுல பிசியோ மாறிட்டாங்க, புதுசா வந்தவங்களுக்கு நாமளே மொதல்ல இருந்து கத சொல்லணும், ஃபைல படிக்கவே இல்ல. வீட்ல செய்ய குடுத்த எக்ஸர்சைஸ் ஷீட்டு ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்தது, படத்துல கால் எது கை எதுன்னே தெரியாது. திரும்ப ஆட போறப்போ கவுண்டர்ல முட்டிக்கு மாட்டுற பிரேஸ் வாங்கிக்கோங்கன்னு ஒரே தொல்ல, டாக்டர்கிட்ட கேட்டா அது போட்டா திரும்ப கிழியாதுன்னு சொல்றதுக்கு சரியான ஆதாரம் இல்ல, தொட தசைய பாத்துக்கோங்கன்னுட்டாரு. ஒரே கட்டடத்துல ரெண்டு பேச்சு!

இப்ப ஆடுறா, மொதல்ல கொஞ்ச நேரம்தான் எறக்குனாங்க. பிராக்டிஸுக்கு முன்னாடி ஃபிஃபா 11+னு காயம் வராம இருக்க பண்ற வார்ம்அப் கட்டாயம்னு சொல்லி அனுப்பிருக்காங்க, 20 நிமிஷம் ஆகும், டீம்ல மத்தவங்களும் சேந்து பண்றாங்க. பெரிய காயம்னா யோசிக்காம இந்த மாதிரி எடத்துக்கு போங்க, சும்மா சுளுக்குக்கு மட்டும் வேணாம், வெயிட்டிங் ஹால்லயே ஆறிடும்.