வவுனியாவா, யாழ்ப்பாணமா, அநுராதபுரமா: வன்னியிலிருந்து நூதனசாலை பார்க்கப் போகிறவர்களுக்கு

பள்ளிக்கூட லீவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக வன்னிக்காரருக்கு மூன்று நூதனசாலைகள் எட்டுகிற தூரத்தில் இருக்கின்றன. வவுனியாவில் நகருக்குள்ளேயே ஒன்று. ஏ9 வீதியில் வடக்கே போனால் யாழ்ப்பாணம். தெற்கே ஐம்பது கிலோமீற்றர் சொச்சத்தில் அநுராதபுரம்.

மரநிழலும் ஓடித்திரிய வளவும் வேண்டுமென்றால் அநுராதபுரம்தான். பழைய கச்சேரி (மாவட்டச் செயலகம்) கட்டடத்தில் இருக்கிற நூதனசாலை அது. உள்ளே, மிகிந்தலையில் கண்டக சேதியம் என்ற தூபியைத் தோண்டியபோது கிடைத்த தாதுப் பேழை அறையை அப்படியே அமைத்து வைத்திருக்கிறார்கள். ஆனால் பிள்ளைகள் நிற்கப்போவது வெளியே, நகருக்கு மேற்கே இருந்த விகாரைகளிலிருந்து வந்த மலசலகூடக் கற்களைச் சுற்றித்தான். அங்கே எளிமையாக வாழ்ந்த துறவிகள் இந்தக் கல்லில் மட்டும் அவ்வளவு செதுக்கு வேலை செய்திருக்கிறார்கள். ஆடம்பர விகாரைகளுக்கு அடித்த நக்கல் என்று ஒரு விளக்கம் உண்டு. எனக்கு அந்த விளக்கம் பிடிக்கும்.

யாழ்ப்பாணத்தில் நூதனசாலை நாவலர் வீதி மண்டபத்துக்குப் பின்னால் ஒதுங்கி இருக்கிறது, விசாரித்துக்கொண்டு போங்கள். தோட்டத்தை நம்பிப் போகவேண்டாம். வாசலில் கோட்டையிலிருந்து வந்த ஒல்லாந்தர் பீரங்கிகள், திமிங்கில எலும்புகள். உள்ளே கந்தரோடையில் கிடைத்த ஏழு வாய் இசைப்பானை, பருத்தித்துறை முதலியாரின் 1845ஆம் ஆண்டுப் பல்லக்கு. அந்தக் காலத்து வீடு வாசலைப் பற்றிப் பேச்சுக்கொடுக்க அம்மம்மாவும் கூட வந்தால் நல்லது.

வவுனியா சின்னது, அரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும். அதனாலேயே பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆனால் நம்முடைய மண்ணிலிருந்து எடுத்தவை இங்கேதான் இருக்கின்றன: கிளிநொச்சியில் கிடைத்த 4-5ஆம் நூற்றாண்டுச் சுடுமண் உருவங்கள், மன்னார்ச் சுண்ணாம்புக்கல்லில் செதுக்கிய பருமனான புத்தர் சிலைகள். கிளிநொச்சிப் பிள்ளை ஒன்று தன் ஊர்ப் பெயரைக் கண்ணாடிப் பெட்டியில் வாசிப்பது மற்ற இரண்டிலும் கிடைக்காது. வவுனியாக் கச்சேரியடியில், வெள்ளைக்காரரை எதிர்த்த வன்னி மன்னன் பண்டாரவன்னியனின் சிலையையும் பார்த்துவிடலாம். வாகனம் இருந்தால் இன்னொரு நாள் ஒட்டுசுட்டான் பக்கம் கற்சிலைமடுவுக்கும் போங்கள். 1803இல் அவன் தோற்றதைச் சொல்லும் நினைவுக்கல்லை நாட்டியது அங்கேதான்.

ஆக, முதலில் வவுனியா, அப்புறம் அநுராதபுரம். யாழ்ப்பாணத்துக்கு வேறு வேலையாகப் போகும்போது ஒரு மணித்தியாலம் ஒதுக்கினால் போதும். எங்கே போனாலும் செவ்வாய்க்கிழமை வேண்டாம், தொல்பொருள் நூதனசாலைகள் வழமையாக அன்று பூட்டு.