நெடும்பயணத்துக்கு ஒயர் வைத்த சைக்கிள் மீட்டர்தான்

வேலூரிலிருந்து திருவண்ணாமலை, ஏலகிரி, ஜவ்வாது மலை என்று சைக்கிளில் போகிறவர்கள் வேகமும் தூரமும் காட்டுகிற மீட்டரில் ஜிபிஎஸ் மீட்டரா, ஒயர்லெஸ்ஸா, ஒயர் வைத்ததா என்று அடிக்கடி கேட்கிறார்கள். மூன்றையும் வருஷக்கணக்கில் ஓட்டிப் பார்த்துவிட்டேன். பயணத்துக்கு ஒயர் வைத்ததை வாங்குங்கள்.

அதற்குள்ளே பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. ஸ்போக்கில் ஒரு சின்னக் காந்தம், முன்சக்கரத்தைப் பிடித்திருக்கிற ஃபோர்க்கில் ஒரு சென்சார், காந்தம் ஒவ்வொரு முறை கடக்கும்போதும் சென்சாருக்குள் இரண்டு மெல்லிய தகடுகள் ஒட்டிப் பிரியும், மீட்டர் அதை எண்ணிக்கொள்ளும், அவ்வளவுதான். சார்ஜ் போட வேண்டியதில்லை. சிஆர் 2032 பேட்டரி ஒன்று மாதக்கணக்கில் ஓடும், தீர்ந்தால் போளூரில் வாட்ச் கடையிலேயே கிடைத்துவிடும். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் மூச்சு வாங்க ஏறும்போது வேகம் ஆறு ஏழுக்கு இறங்கிவிடும், மலைச்சுவர் வானத்தை மறைக்கிற இடத்தில் என் ஜிபிஎஸ் மீட்டர் நான்கு, பதினொன்று, பூஜ்யம் என்று குதித்துக்கொண்டே இருந்தது, சக்கரத்தை எண்ணுகிற மீட்டருக்கு அந்தத் தடுமாற்றமே கிடையாது. வழி காட்டவும் ஏற்றத்தின் அளவு தெரியவும் ஜிபிஎஸ் நல்லதுதான், அதற்குப் பையில் போன் இருக்கிறதே. ஒயர்லெஸ்ஸில் விலை மலிவானவை உயர் அழுத்த மின்கம்பிக்கு அடியில் போகும்போது சம்பந்தமில்லாத வேகத்தைக் காட்டுகின்றன.

வாங்கியதும் செய்ய வேண்டிய முக்கியமான வேலை சக்கரச் சுற்றளவை மீட்டரில் பதிவது. 700x32 அளவு டயருக்கு மீட்டரோடு வரும் அட்டவணையில் 2155 மில்லிமீட்டர் என்று இருக்கும், ஆனால் ஆள் உட்கார்ந்தால் டயர் அமுங்கும், முன்பக்கம் பையும் மாட்டினால் இன்னும் அமுங்கும். அதனால் சுமையோடு ஏறி உட்கார்ந்து, முன்சக்கர வால்வு தரைக்கு நேராக வரும்போது ஒரு கோடு, ஒரு முழுச் சுற்று உருட்டி இன்னொரு கோடு, நடுவில் டேப் வைத்து அளந்து அந்த எண்ணைப் போடுங்கள். 25 மில்லிமீட்டர் பிசகினாலும் நூறு கிலோமீட்டருக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப்போகும். அப்புறம் திருவண்ணாமலை ரோட்டில் கிலோமீட்டர் கற்களோடு ஒத்துப் பாருங்கள், பத்துக் கல்லுக்குச் சரியாக வந்தால் போதும்.

வெயில் ஒரு பிரச்சினை. மே மாத மதியத்தில் கணியம்பாடி தாண்டி ரோட்டோரம் வண்டியை நிறுத்திவிட்டு டீ குடித்து வந்தால் திரை முழுக்கக் கறுத்திருக்கும், எண்ணே தெரியாது. நிழலில் வைத்தால் தெளிந்துவிடும், ஆனாலும் தினம் தினம் காயவிட்டால் நிரந்தரமாக மங்கும், நிறுத்தும்போது கழற்றிப் பையில் போட்டுவிடுங்கள். ஒயரை பிரேக் கேபிளோடு சுற்றி இறக்கி ஜிப் டை போடுங்கள், ஹேண்டில் முழுசாகத் திரும்புகிற அளவுக்குத் தளர்வு இருக்க வேண்டும்.

கடையில் ஒன்று மட்டும் மறக்காமல் கேளுங்கள்: பேட்டரி மாற்றினால் மொத்தக் கிலோமீட்டர் அழிந்துவிடுமா, அழிந்தால் பழைய எண்ணைத் திரும்ப ஏற்ற முடியுமா என்று. முடியாது என்றால் வேறு மாடல் பாருங்கள்.