மஞ்சளா, நித்தியகல்யாணியா?

வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்ததும் சொந்தக்காரர்கள் இரண்டு யோசனை சொல்வார்கள். தினமும் மஞ்சள் கொடு. இல்லையென்றால் நித்தியகல்யாணி இலையை அரைத்துக் கொடு. இரண்டிலும் புற்றுநோய்ச் செல்லை அழிக்கும் பொருள் இருப்பது உண்மைதான். ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

ஆதாரம்
நித்தியகல்யாணி: இதிலிருந்து பிரித்த வின்கிரிஸ்டின் 1963-லிருந்து மருந்தாகப் பயன்படுகிறது. செல் இரண்டாகப் பிரியவிடாமல் தடுக்கும். குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் இன்றும் முக்கிய இடம் இதற்கு.
மஞ்சள்: இதிலுள்ள குர்குமின் என்ற பொருள் ஆய்வகத் தட்டில் செல்களைக் கொல்கிறது. புற்றுநோய் மருந்தாக இதுவரை அங்கீகாரம் இல்லை.

உடலில் சேர்வது
நித்தியகல்யாணி: மருந்து ரத்தக் குழாய் வழியாக மட்டுமே ஏறும். குழாயை விட்டுக் கசிந்தாலே சதை புண்ணாகிவிடும்.
மஞ்சள்: ஒரு நாளைக்கு 8 கிராம் குர்குமின் கொடுத்துப் பார்த்தபோதும் ரத்தத்தில் சேர்ந்தது மிகச் சொற்பம்.

வீட்டில் கொடுக்கலாமா?
நித்தியகல்யாணி: கூடவே கூடாது. இலையில் வின்கிரிஸ்டின் அணுவளவுதான். கூடவே நூற்றுக்கும் மேற்பட்ட ஆல்கலாய்டுகள், அதாவது செடி உண்டாக்கும் வீரியமான வேதிப்பொருள்கள். அரைத்த சாற்றில் எது எவ்வளவு என்று யாரும் அளக்க முடியாது.
மஞ்சள்: குழம்பிலும் பாலிலும் போடும் அளவுக்குப் பயமில்லை. குர்குமின் மாத்திரை என்றால் டாக்டரிடம் கேளுங்கள், முக்கியமாக ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்கள்.

ஆக, சிகிச்சைக்கு நித்தியகல்யாணி, அதுவும் ஆஸ்பத்திரி ஊசியாக மட்டும். சமையலுக்கு மஞ்சள். வாசலில் பூத்திருக்கும் செடியைப் பூவுக்காக வளருங்கள், இலையைப் பறித்து அரைக்காதீர்கள்.