ஓடைத் தண்ணி டெஸ்ட் கிட், ஒரு வருஷம் யூஸ் பண்ணிட்டு சொல்றேன்
வீட்டுக்குப் பின்னாடி ஓடுற ஓடைய மீட்கிற வேலைக்காக வாங்கினது. தண்ணில கரைஞ்சிருக்கிற ஆக்ஸிஜன அளக்குற டெஸ்ட் நல்லாருக்கு, பாட்டில்ல காத்துக்குமிழி இல்லாம தண்ணி புடிச்சு, கிட்ல உள்ள மருந்தக் கலந்ததும் வர்ற நீலம் மறையுற வரைக்கும் சொட்டு சொட்டா இன்னொரு மருந்து விட்டு எண்ணணும், பொறுமை வேணும். மத்தியானம் லிட்டருக்கு 8 மில்லிகிராம் காட்டுச்சு, ஆஹான்னு இருந்தேன், விடியறதுக்கு முன்னாடி போய் பாத்தா வெறும் 3, ராத்திரி வெளிச்சம் இல்லாதப்ப பாசியே ஆக்ஸிஜன இழுத்துக்குது! 5க்கு கீழ போனாலே நெறைய மீனுக்குத் திணறல்தான்.

நைட்ரேட் (உரம், சாக்கடையில இருந்து தண்ணில கலக்குறது) எவ்வளவுன்னு நெறம் மாறிக் காட்டுற பட்டை சுத்த வேஸ்ட். டப்பா மூடி சரியா உக்காரல, ஈரம் ஏறி ரெண்டே மாசத்துல எல்லாப் பட்டையும் ஒரே பிங்க்.

இந்த டெஸ்ட் கிட்டை மட்டும் நம்பாதீங்க, ஓடையில கல்லப் பொரட்டியும் பாருங்க, செவப்புப் புழு மட்டும் நெளிஞ்சா தண்ணி சரியில்ல. 3 ஸ்டார்.