பிரிக்பீல்ட்ஸில் ஒரு சுயவிவரச் சேவை: கேள்விகளுக்கு முழு மதிப்பெண், வடிவமைப்புக்குப் பாதிதான்

வேலைக்கான சுயவிவரத்தைப் பணம் கொடுத்து எழுதி வாங்கலாமா என்று கேட்பவர்களிடம், எழுதித் தருபவர் நம்மை உட்கார வைத்து எவ்வளவு நேரம் கேள்வி கேட்கிறார் என்பதை முதலில் விசாரியுங்கள் என்றே நான் சொல்வேன். பழைய தாளை வாங்கி, புதிய எழுத்துருவில் அடுக்கி, ஓரத்தில் நீல வண்ணம் பூசித் திருப்பித் தருபவருக்கு 50 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தாலும் அது வீண்தான். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில், துன் சம்பந்தன் சாலைக்குப் பின்புறமுள்ள ஒரு கடைவீட்டின் மாடியில், ஓர் அம்மையார் தனியாக நடத்தும் சேவைக்கு என் தங்கை மகளை அண்மையில் அழைத்துச் சென்றேன். அங்கே கொடுத்த 180 வெள்ளியில் பெரும்பகுதி உரிய பலனைத் தந்தது. ஒரு பகுதி தரவில்லை. இரண்டையும் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். குறைகளும் எழுதப்போவதால், ஒருவரது உழைப்பை மட்டுமே நம்பி நடக்கும் அந்தச் சிறுதொழிலின் பெயரை இங்கே தவிர்த்திருக்கிறேன்.

ஷா ஆலாமில் உள்ள ஒரு நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் வேலை செய்வதால், மற்றவர்கள் அனுப்பும் சுயவிவரங்களைப் படிப்பது என் அன்றாடப் பணி. நம் பிள்ளைகளின் விண்ணப்பங்கள் அவர்களுடைய உழைப்பைவிடச் சிறியனவாக என் மேசைக்கு வரும்போதெல்லாம் மனம் வருந்தும். செய்த வேலையைச் சொல்வதைத் தற்பெருமை என்று நினைத்து, பாதியை விழுங்கிவிட்டு எழுதுகிறார்கள். இந்தச் சேவையை நான் மதிப்பிட்டதும் அந்தக் கோணத்தில்தான்.

தங்கை மகள் கணக்கியலில் டிப்ளோமா முடித்துவிட்டு, கிள்ளானில் ஒரு கட்டுமான வன்பொருள் மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதி வந்தாள். பங்சார் சவுத் பகுதியிலுள்ள பெரிய நிறுவனங்களில் கணக்கு நிர்வாகி வேலைக்குப் போக வேண்டும் என்பது அவள் ஆசை. கையில் கொண்டுபோன தாளில், அந்தக் கடை அனுபவத்தைப் பற்றி, ‘கணக்குப் பிரிவின் அனைத்துப் பணிகளுக்கும் பொறுப்பு’ என்று ஒரே ஒரு வரிதான் இருந்தது. அதற்குக் கீழே பள்ளிக் காலத்துப் புறப்பாட நடவடிக்கைகள் எட்டு வரிகளை அடைத்துக்கொண்டிருந்தன.

அம்மையார் அந்தத் தாளைப் படித்துவிட்டு ஓரமாக வைத்துவிட்டார். அதன் பிறகு அவர் கணினியைத் தொடவே இல்லை. ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதிக்கொண்டே கேள்விகளைத் தொடங்கினார். காலையில் கடைக்குப் போனதும் முதலில் எதைத் திறப்பீர்கள், மாதத்துக்கு எத்தனை விலைப்பட்டியல்கள் (இன்வாய்ஸ்) போடுவீர்கள், எஸ்.கியூ.எல். கணக்கு மென்பொருளா ஆட்டோகவுண்டா, வங்கிக் கணக்கைச் சரிபார்ப்பது நீங்களா முதலாளியா, கடன் பாக்கி வைத்த வாடிக்கையாளரிடம் யார் பேசுவது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ‘எல்லாம் சாதாரண வேலைதான் அக்கா’ என்று இவள் தயங்கியபோது, ‘சாதாரணமா இல்லையான்னு நான் பார்த்துக்கிறேன்மா, நீங்க நடந்ததை மட்டும் சொல்லுங்க’ என்றார். அந்தத் தொனியில் அதட்டலும் இல்லை, அவசரமும் இல்லை.

அந்தக் கேள்விகளுக்கு நடுவேதான் முக்கியமான செய்தி வெளிவந்தது. உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் மின் விலைப்பட்டியல் முறை, 2024 ஆகஸ்ட்டில் மிகப் பெரிய நிறுவனங்களில் தொடங்கி, படிப்படியாக விரிந்து, ஆண்டு விற்றுவரவு 50 லட்சம் வெள்ளிக்கு மேல் 2 கோடியே 50 லட்சம் வெள்ளி வரை உள்ள வியாபாரங்களுக்கு 2025 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அவள் வேலை செய்த கடை அந்தப் பிரிவில்தான் வருகிறது. விலைப்பட்டியலில் வாங்குபவரின் வரி அடையாள எண் இடம்பெற வேண்டும் என்பதால், பல ஆண்டுகளாகக் கையெழுத்துச் சீட்டிலேயே சரக்கு எடுத்துப் பழகிய ஒப்பந்தக்காரர்களைத் தொலைபேசியில் பிடித்து, எண்களைக் கேட்டு வாங்கி, மென்பொருளில் ஏற்றி, வாரியத்தின் மைஇன்வாய்ஸ் தளத்தில் சோதித்துப் பார்த்தது முழுக்க இந்தப் பெண்தான். இதை அவள் சுயவிவரத்தில் எழுதவில்லை. வீட்டில் எங்களிடமும் ஒரு வேலையாகச் சொன்னதில்லை. முதலாளி செய்யச் சொன்னார், செய்தேன் என்பதோடு அவள் மனத்தில் அது முடிந்துவிட்டது.

அம்மையார் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ‘இதை ஏம்மா எழுதல?’ என்று கேட்டார். கணக்குப் பிரிவுக்கு ஆள் தேடும் எந்த நிறுவனமும் அண்மைக் காலத்தில் கேட்கக்கூடிய அனுபவம் இது. இறுதியில் வந்த சுயவிவரத்தில் பணி அனுபவத்தின் முதல் வரியாக அது நின்றது: கடையின் மின் விலைப்பட்டியல் மாற்றத்தைத் தனியாக மேற்கொண்டார், ஏறத்தாழ 140 வாடிக்கையாளர்களின் வரி அடையாள எண்களைத் திரட்டிச் சரிபார்த்தார், நடைமுறை தொடங்கும் நாளுக்கு முன்பே சோதனையை முடித்தார். செய்த வேலை, அதன் அளவு, முடிந்த விதம் ஆகிய மூன்றும் ஒரே வாக்கியத்தில் அமைந்துவிட்டன. விண்ணப்பங்களை வாசிக்கும் எனக்கு இப்படி ஒரு வரி கிடைத்தால், அந்தப் பிள்ளையை நேர்காணலுக்கு அழைக்காமல் விடமாட்டேன்.

எண்களை அவர் கையாண்ட முறையைத் தனியாகப் பாராட்ட வேண்டும். 140 என்பது எங்கிருந்து வந்தது என்று கேட்டு, வாடிக்கையாளர் பட்டியலைக் கைப்பேசியில் காட்டச் சொல்லி, செயலில் இல்லாத கணக்குகளை நீக்கிய பிறகே அதை எழுதினார். வசூல் வேகம் கூடியது என்று இவள் சொன்னதும், எத்தனை நாளிலிருந்து எத்தனை நாளாக என்று கேட்டார். உறுதியான கணக்கு இல்லாததால், அந்த இடத்தில் எண்ணே வேண்டாம் என்று விட்டுவிட்டார். ‘செயல்திறனை 40 விழுக்காடு உயர்த்தினேன்’ என்பது போன்ற வரிகள் இப்போது என் மேசைக்கு நிறைய வருகின்றன. எப்படிக் கணக்கிட்டீர்கள் என்று நேர்காணலில் கேட்டால் பெரும்பாலோர் திணறிப்போகிறார்கள். ஆதாரமில்லாத ஓர் எண், உண்மையாகச் செய்த வேலையையும் சேர்த்துச் சந்தேகத்துக்கு உள்ளாக்கிவிடும்.

தைப்பூசத்தின்போது பத்துமலையில் அவர்கள் குடியிருப்புப் பகுதி ஆலயம் அமைக்கும் தண்ணீர்ப் பந்தலுக்கு, நன்கொடைக் கணக்கை எழுதி, ரசீது கொடுத்து, செயற்குழுவிடம் வரவு செலவை ஒப்படைத்ததும் அவள்தான். அதையும் கேட்டறிந்து தன்னார்வப் பணி என்ற தலைப்பில் இரண்டு வரிகளாக எழுதியிருந்தார். கோயில் வேலையை இதிலெல்லாம் போடலாமா என்று கூச்சப்படும் பிள்ளைகள் பலர். பொதுப்பணத்துக்குக் கணக்குக் காட்டிய அனுபவம், எங்கே பெற்றதாக இருந்தாலும் அனுபவம்தான். இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.மில் எடுத்த தமிழ்மொழித் தேர்ச்சியையும் மொழித்திறன் பகுதியில் சேர்த்தார். சென்னையிலுள்ள குழுக்களோடு சேர்ந்து வேலை செய்யும் நிறுவனங்கள் இங்கே இருப்பதால் அதுவும் நல்ல முடிவே.

அடையாள அட்டை எண், இனம், மதம், திருமண நிலை, முழு வீட்டு முகவரி ஆகிய அனைத்தையும் நீக்கிவிட்டு, வசிக்கும் ஊர், கைப்பேசி எண், மின்னஞ்சல் ஆகியவற்றை மட்டும் வைத்தார். மலேசியாவில் இவற்றை எழுதுவது பழக்கமாகிவிட்டதே தவிர, முதல் கட்டத் தேர்வுக்கு இவற்றில் எதுவும் தேவையில்லை. 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பரிலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆனால் நம் அடையாள அட்டை எண்ணை நாமே தாளில் அச்சிட்டு, முகம் தெரியாத ஐம்பது இடங்களுக்கு அனுப்பினால், எந்தச் சட்டமும் அதை முன்கூட்டியே தடுக்காது. பரிந்துரையாளர்களின் கைப்பேசி எண்களை அவர்களுடைய அனுமதியில்லாமல் அச்சிடக் கூடாது என்றும் சொன்னார். அதையும் நான் முழுமனத்தோடு ஏற்கிறேன்.

இவ்வளவு நல்ல உள்ளடக்கத்தை அவர் வைத்துத் தந்த வடிவம்தான் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. பக்கவாட்டில் இரண்டு பத்திகளாக (காலம்) பிரிக்கப்பட்ட பக்கம். இடப்பக்கம் கருநீலப் பட்டை. அதில் வட்டத்துக்குள் புகைப்படம். அதன் கீழே, எக்செல் எண்பது விழுக்காடு, தேசிய மொழி தொண்ணூறு விழுக்காடு என்று திறன்களைக் காட்டும் வண்ணக் கோடுகள். எக்செலில் எண்பது விழுக்காடு என்றால் என்ன என்று யாராலும் சொல்ல முடியாது. பைவட் அட்டவணை போடத் தெரியும், வங்கி அறிக்கையையும் பேரேட்டையும் வி-லுக்அப் மூலம் ஒப்பிடத் தெரியும் என்று எழுதியிருந்தால், படித்தவுடன் புரிந்திருக்கும்.

அழகு குறித்த என் விருப்பத்தை மட்டும் வைத்து இதைச் சொல்லவில்லை. பெரிய நிறுவனங்கள் விண்ணப்பங்களை மென்பொருளில் ஏற்றி, பெயர், கல்வி, அனுபவம் என்று பிரித்து வைக்கின்றன. பத்திகள், கட்டங்கள், படங்களுக்குள் பதித்த எழுத்துகள் ஆகியவற்றைக் கண்டால் அந்த மென்பொருள்களில் பல வரிசையைக் குழப்பிவிடும். இதைச் சோதிக்க எளிய வழி உண்டு: பி.டி.எஃப். கோப்பைத் திறந்து, முழுவதையும் தெரிவு செய்து, நகலெடுத்து, நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். அங்கேயே என் கைக்கணினியில் செய்து காட்டினேன். மின் விலைப்பட்டியல் பற்றிய அந்த அருமையான வரியின் நடுவே, இடப்பக்கப் பட்டையிலிருந்த மின்னஞ்சல் முகவரி புகுந்து வாக்கியத்தை இரண்டாக வெட்டியிருந்தது. பணிக்காலத்தைக் குறிக்கும் ஆண்டுகள் கல்விப் பகுதியில் போய் ஒட்டிக்கொண்டிருந்தன. அவர் அதைப் பார்த்துவிட்டு, மறுப்புச் சொல்லாமல், ஒற்றைப் பத்தியில் மாற்றித் தருவதாகச் சொல்லி, சொன்னபடி புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்பியும் வைத்தார். ஆனால் சுவரில் தொங்கும் மாதிரிகள் எல்லாம் அதே நீலப் பட்டை வகைதான். கேள்வி கேட்கத் தெரியாத வாடிக்கையாளர் அதைத்தான் வாங்கிக்கொண்டு போவார். இந்த மாதிரிகளை அவர் உடனே மாற்ற வேண்டும்.

பெரும்பாலான விண்ணப்பங்களை இயந்திரமே தூக்கி எறிந்துவிடுகிறது என்று அவரது விளம்பரத் தாள் பயமுறுத்துவதையும் நான் ஏற்கவில்லை. நான் வேலை செய்யும் இடத்தில் மென்பொருள் அடுக்கித் தருகிறது, தேடித் தருகிறது. முடிவு செய்வது மனிதர்கள்தான். எதிர்பார்க்கும் சம்பளம், அனுபவ ஆண்டுகள் போன்ற கேள்விகளுக்கு இணையத்தில் தரும் பதில்கள் வடிகட்டப்படுவது உண்டு; ஆனால் அது சுயவிவரத்தின் எழுத்தோடு தொடர்பில்லாதது.

மொழியிலும் ஒரு திருத்தம் தேவைப்பட்டது. ஆங்கிலத்தில் அவர் எழுதிய தொடக்கச் சுருக்கத்தில் பகட்டான வினைச்சொற்கள் மிகுந்திருந்தன. தங்கை மகளை உரக்கப் படிக்கச் சொன்னேன். மூன்றாவது வரியிலேயே தடுமாறினாள். நேர்காணலில் அதே தாளை வைத்துக்கொண்டுதான் அவளிடம் பேசப்போகிறார்கள் என்பதால், அவள் வாயில் இயல்பாக வரும் சொற்களே அதில் இருக்க வேண்டும். பெரியம்மா சொன்னால் சரிதான் என்று அவள் தலையாட்டியது எனக்குப் போதவில்லை. அவளே அந்த நான்கு வரிகளையும் தன் ஆங்கிலத்தில் சொல்ல, அம்மையார் இலக்கணத்தை மட்டும் திருத்தினார். இப்போது அந்தச் சுருக்கம் முன்பைவிடக் குட்டையாகவும் தெளிவாகவும் இருக்கிறது.

கட்டணத்தைப் பொறுத்தவரை, 180 வெள்ளிக்கு ஆங்கிலச் சுயவிவரம் ஒன்றும் இரண்டு திருத்தங்களும் அடக்கம். மலாய் மொழியில் வேண்டுமென்றால் 60 வெள்ளி கூடுதல். விண்ணப்பக் கடிதம் தனிக் கட்டணம். கோப்பை பி.டி.எஃப். வடிவில் மட்டுமே தருகிறார், வேர்ட் கோப்பைக் கேட்டுப் பெற வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு வேலைக்கும் விளம்பரத்துக்கு ஏற்ப ஓரிரு வரிகளை மாற்றி அனுப்ப வேண்டும் என்பதால், வேர்ட் கோப்பு இல்லாத சுயவிவரம் அரைகுறைப் பொருள்தான்.

எல்லாருக்கும் இந்தச் செலவு தேவையில்லை. அரசாங்க வேலைக்குப் பொதுச் சேவை ஆணையத்தின் இணையப் படிவத்தை நிரப்பினால் போதும். இப்போதுதான் படிப்பை முடித்தவர்கள், முதலில் தங்கள் பல்கலைக்கழகத்தின் தொழில் வழிகாட்டிப் பிரிவை அணுகலாம். சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோ நடத்தும் மைஃபியூச்சர்ஜாப்ஸ் வேலைவாய்ப்புத் தளத்தில் இலவசமாகப் பதிந்துகொள்ளலாம். சில ஆண்டுகள் உழைத்துவிட்டு, செய்ததைச் சொல்லத் தெரியாமல் தவிப்பவர்களுக்கே இந்த அம்மையாரைப் பரிந்துரைக்கிறேன்.

போகிறவர்கள் புலனம் வழியாக முன்பதிவு செய்து, வார நாளில் போவது நல்லது. சனிக்கிழமைகளில் அடுத்தவர் காத்திருப்பதால் கேள்விகள் சுருங்கிவிடும் என்று அவரே சொன்னார். கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்தான். பணி நியமனக் கடிதம், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, சான்றிதழ்கள், நீங்கள் தயாரித்த அறிக்கைகளின் மாதிரி ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். மாதிரிகளில் முதலாளியின் வியாபார விவரங்களை மறைத்துவிடுங்கள். ஒற்றைப் பத்தி வடிவம், புகைப்படம் வேண்டாம், வேர்ட் கோப்பும் வேண்டும் என்ற மூன்றையும் பணம் கட்டுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.